கொட்டச்சேட்டில் சுவர் விழுந்த விதம்

கண்ணு, நீ போனில் கேட்டது பத்து நிமிஷச் சாட்சி. நான் அனுப்புவது இந்தத் தாள் கட்டு. பொறுமையாக வாசி. வரும் திங்கட்கிழமை உன் சபையார் அந்த வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்குவதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடு. உன்னைப் பெற்றவர் என் அண்ணன். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து, அவர் போய்ச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து நீ சித்தப்பா என்று கூப்பிட்டாலும் உனக்கு அப்பன் நான்தான். ஆகையால் இதை அப்பன் எழுதும் கடிதம் என்றே வைத்துக்கொள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சபையில் எல்லார் முன்னாலும் வாசிக்கலாம், அதற்காகத்தான் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து என்று யாரும் சொல்லிவிட முடியாது. எஸ்டேட் ரைட்டரே ஒரு முறை என் எழுத்தைப் பார்த்துவிட்டு, இப்படி எழுதினால் என் நாற்காலி எனக்கு மிஞ்சாது என்று சொல்லியிருக்கிறார்.

உன் திட்டம் நல்ல திட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் ஜெபக்கூடத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் விற்கவும் மாட்டேன் என்கிறார், ஓரமாகப் பாதை விடவும் மாட்டேன் என்கிறார். யோசுவாவும் ஜனங்களும் எரிகோவைச் சுற்றினது போல, நாளுக்கு ஒரு சுற்றாக ஆறு நாள், ஏழாம் நாள் ஏழு சுற்று, கடைசியில் ஒரு பெரிய ஆரவாரம். முதல் நாள் நான் வந்து, கொட்டச்சேட்டுச் சுவரைக் கர்த்தர் தள்ளின கதையைச் சொல்ல வேண்டும். நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது என்றாய். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருநூறு பேர், மைக், என் பேர் போட்ட நோட்டீஸ்! உன் சித்தியிடம் வேட்டியை எடுத்துக் கஞ்சி போடச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் பின்னால் வரும்.

இஸ்ரவேலர் கானானைப் பிடித்த சண்டைகளில் எனக்குத் தெரியாத சண்டை கிடையாது. பாதிரிமார் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். நான் மலையில் வாழ்ந்து தெரிந்துகொண்டேன். யோர்தான் எவ்வளவு அகலம் என்று கேட்டால், மேட்டூருக்குக் கீழே காவேரி எவ்வளவோ அதில் ஒன்றரைப் பங்கு என்பேன். எரிகோ நம் ஏற்காடு ஏரியைவிடக் கொஞ்சம் பெரிசு, நல்ல நடை நடந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று நீ வேதப்பள்ளி முடித்து வந்த வருஷம் கேட்டாய். எழுதாமல் விட்டதைச் சொல்லத்தானப்பா பிரசங்கி என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எதற்கும் அளவு வைத்துக்கொள்ளவில்லை. கொட்டச்சேட்டுச் சுவரும் அப்படித்தான் வளர்ந்தது. விழுந்த வருஷம் அது என் இடுப்பு உயரம். உனக்கு ஞானஸ்நானம் ஆன வருஷம் தோள் உயரம். உன் கல்யாணத்துக்கு வந்த பெரிய ஊழியக்காரரிடம் நான் சொன்னபோது, அந்தப் பக்கம் ஒரு யானை நின்றால் இந்தப் பக்கம் தெரியாது.

சுவர் விழுந்தபோது நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். நாங்கள் அதைச் சுற்றி நடந்த ஏழு நாளை நீ பார்க்கவில்லை. எல்லாம் என் வாயால் கேட்டதுதான். கொட்டச்சேட்டில் நம் எஸ்டேட் லயன் வீடுகளுக்கும் பழைய ஜெபக்கூடத்துக்கும் நடுவில் சடையக் கவுண்டரின் காடு. காடு என்றால் உன் சபையார் மரங்களை நினைத்துக்கொள்வார்கள். இது சாமை விதைக்கிற சரிவு நிலம். அதன் ஊடாக ஒரு ஒற்றையடித் தடம், அதில் போனால் ஜெபக்கூடம் ஐந்து நிமிஷம். அந்த வருஷம் கவுண்டர் காட்டைச் சுற்றிக் கல் அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார், தடம் உள்ளே போய்விட்டது. வெளியே சுற்றிக்கொண்டு போனால் கால் மணி நேரம், மழை பெய்தால் வழுக்குப் பாறை வேறு. அவர் ஏன் சுவர் வைத்தார் என்பதை நான் எந்தச் சாட்சியிலும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். நம் லயன் ஆடுகள் மூன்று வருஷமாக அவர் சாமையை மேய்ந்துகொண்டிருந்தன. அதில் இரண்டு ஆடு என்னுடையவை. போய் அவரிடம் பேசிப் பார்க்கலாமே என்று சபையில் யாரோ சொன்னார்கள். யோசுவா போய் எரிகோ ராஜாவிடம் பேசிக்கொண்டிருந்தானா என்று நான் கேட்டேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். இந்த மலையைக் கர்த்தர் நமக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னேன். நம் தாத்தா கீழேயிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்தவர், அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே சடையக் கவுண்டரின் ஆட்கள் இங்கே சாமை விதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் பிரசங்கம் இறங்கிப்போகும் என்று விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். எஸ்டேட்டில் முப்பது வருஷம் நான் கல் கட்டினவன். சரிவில் மண் இறங்காமல் இருக்க, சிமெண்ட் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டுகிற சுவர் இந்த மலை பூராவும் நிற்கிறதே, அதில் பாதி என் கை. பாதி இல்லை, கால்வாசி. இந்தக் கடிதத்தில் பொய் வரக்கூடாது என்று உன் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கவுண்டர் வைத்ததும் அதே மாதிரிச் சுவர். அதில் பாரம் தாங்குவது பெரிய கல். அந்தப் பெரிய கல் அசையாமல் இருப்பது அதன் அடியில் இறுக்கிச் செருகின சின்ன ஆப்புக்கல்லால். ஒரு ஆப்பை உருவினால் சுவர் பேசாமல் நிற்கும். இரண்டை உருவினாலும் நிற்கும். எத்தனை உருவினால், எந்த மழையில், எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவன் அன்றைக்கு இந்த மலையில் ஒருவன்தான் இருந்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வித்தை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நான் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் எல்லாரும் என்னைத்தான் முன்னால் நடக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். கடைசி ஆளாக வருகிறேன், கடையனாக இருப்பதே எனக்குப் போதும் என்றேன். என் தாழ்மையைப் பார்த்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் கண் கிடையாது, கண்ணு. மேகம் இறங்கி மூடியிருந்தது. முன்னால் போகிறவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். கிழக்கு மூலையில், ஊற்றுத் தண்ணீர் கசிகிற இடத்தில், குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி ஒரு ஆப்புக்கல்லை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளுக்கு ஒன்று, ஆறு நாள். ஏழாம் நாள் சுற்றுக்கு ஒன்று, ஏழு. மொத்தம் பதின்மூன்று. நான் விசுவாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதே. விசுவாசம் இருந்தது. கர்த்தர் ஒருவேளை மறந்துவிட்டால் சபைக்கு முன்னால் நான் நிற்க முடியாதே என்ற பயமும் கூடவே இருந்தது.

மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது உன் சித்தி பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, பையெல்லாம் கல்லும் மண்ணும். செபத்துக்குப் போறீங்களா, கல்லு ஒடைக்கப் போறீங்களா?"

"வழியில காலை இடிச்சுது, எடுத்துப் போட்டேன்."

"மூணு நாளும் அதே எடத்துல வந்து இடிச்சுதுங்களா? கல்லு கட்டறவரு பொண்டாட்டி நானு. வழியில கெடக்கற கல்லு எது, ஆப்புக்கல்லு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"கடவுளு வேலையில நீ வாய வெக்காத."

"கடவுளு வேலைன்னா கடவுளு செய்யட்டுமுங்க. அவருக்கு நீங்க எதுக்குக் கை குடுக்கறீங்க?"

பதில் இல்லாதவன் சத்தம் போடுவான், நானும் போட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் நான் சாட்சி சொல்ல எழுந்த கூட்டங்களிலெல்லாம் அவள் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவாள். நீ ஒரு தடவை கேட்டாய், சித்திக்கு ஏன் எப்போதும் அந்த நேரத்தில் தாகம் எடுக்கிறது என்று. அவளுக்குச் சர்க்கரை என்று சொல்லிவைத்தேன்.

ஏழாம் நாள் ஏழு சுற்றும் முடிந்து எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினோம். சுவர் அப்படியே நின்றது. இதுவும் உனக்குப் புதுச் செய்திதான். ஆரவாரம் எழும்பின நொடியிலேயே விழுந்தது என்றுதானே சொல்லியிருக்கிறேன். தொண்டை காய்ந்து, இரண்டு பேர் வீட்டுக்கே புறப்பட்டுவிட்டார்கள். கஞ்சிரா அடித்துவந்த அக்கா கால் வலிக்கிறது என்று சுவரடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அது வயிறு வைத்தது போல வெளியே உப்பிக்கொண்டு வந்தது. முந்தின நாள் மழையில் உள்மண் ஊறிக் கனத்திருந்தது. "அக்கா, எந்திரி, எந்திரி" என்று அலறிக்கொண்டு ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கல்லும் மண்ணும் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது. இதை நான் பிற்பாடு, கர்த்தர் எனக்கு முன்கூட்டியே தரிசனம் காட்டினார் என்று சொன்னேன். தரிசனம் இல்லை, கண்ணு. தான் செய்த வேலை எப்படி முடியும் என்று கொலைகாரனுக்குத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி தெரிந்தது.

சுவரோடு சேர்ந்து அதற்கு மேலே படி மாதிரி வெட்டியிருந்த இரண்டு அடுக்கு நிலமும் கதிர் பிடித்த சாமையோடு இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் சடையக் கவுண்டர் ஜெபக்கூட வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நம் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உங்க சாமி பெருசுங்க. தடத்துல நீங்க எப்பவும் போலப் போய்க்குங்க. இனி நான் அங்க கல்லு வெக்க மாட்டனுங்க" என்றார். நாங்கள் அல்லேலூயா பாடினோம். அவர் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஜெபக்கூடத்துக்குச் சிமெண்ட் தரை போட்டபோது, அந்தப் பதின்மூன்று கல்லையும் நான் அடியில் கொட்டி மூடினேன். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் முழங்கால் போட்டு ஜெபித்த தரை அது. எரிகோவில் எடுக்கக் கூடாததை எடுத்துத் தன் கூடாரத்துக்கு அடியில் புதைத்த ஆகானைப்பற்றி அதே தரையில் நின்று எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்! ஆகான் ஒருவன் புதைத்ததால் ஆயி பட்டணத்துச் சண்டையில் ஜனம் முழுதும் முதுகு காட்டி ஓடியது என்று கை நீட்டி முழங்குவேன். கை எப்போதும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நீளும்.

அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. நீ போன் செய்த பிறகு, சாட்சிக்குப் பலமாக இருக்கட்டும் என்று விழுந்த சுவரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள நினைத்தேன். வெள்ளக்கடைக்குக் குடிவந்த பிறகு நான் கொட்டச்சேட்டுப் பக்கம் அதிகம் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கவுண்டர் வீட்டு வாசலில் அவருடைய மருமகள் மல்லிகா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வெளிய வாங்க! கத்தியே நம்ம செவுத்தச் சாச்சவரு வந்திருக்கறாருங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கவுண்டர் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கண்ணில் புரை, முழங்கால் மடங்கவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் மறு பேச்சு பேசவில்லை. கிழக்கு மூலைக்கு நடந்து வந்து, புல் மூடிக் கிடந்த கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்க நிக்கட்டுங்களா?"

"சித்த தள்ளி நில்லுங்க கவுண்டரே."

மல்லிகாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். "மாமா, சிரிக்காதீங்க. தோத்தவிய சிரிச்சா போட்டோவுல எடுபடாது."

"நீ சும்மா இரு புள்ள" என்றவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, வேணும்னா நானும் உங்ககூட வந்து சொல்லறனுங்க. செயிச்சவிய சொன்னா பாதிதான் நம்புவாங்க. தோத்தவன் சொன்னா முழுசா நம்புவாங்க."

"ஆமா, அங்க வண்டி ஏறிப் போவீங்க" என்றாள் மல்லிகா. "நம்ம சாமியப் பாக்க ஒரு எட்டு மேல போக மாட்டீங்க."

என்ன விஷயம் என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், போட்டோவோடு வந்திருப்பேன். அவர்கள் வீட்டில் அறுப்பு முடிந்ததும் முதல் படிச் சாமையைத் தனியாக எடுத்து வைத்து, மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் புதுத்துணியில் முடிந்து மேலே கொண்டுபோவார்களாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து நடந்துவந்தது. சுவர் விழுந்த வருஷத்தோடு நின்றுவிட்டது.

"திருவிழான்னா ஊரே மேல போகுதுங்க" என்றாள் மல்லிகா. "இவரு மட்டும் கதவச் சாத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள படுத்துக்குவாரு."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுங்க?" என்றார் கவுண்டர். குரலில் வருத்தம்கூட இல்லை; பழகிப்போன நோயைப்பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். "என்ற செவுத்தக்கூட அவரு காக்கலைன்னா, எம்மேல அவருக்கு நொம்பக் கோவம்னுதானுங்களே அர்த்தம். என்ன தப்புப் பண்ணினேன்னு நானும் ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணும் அகப்பட மாட்டேங்குதுங்க."

கண்ணு, என் கையில் போன் இருந்தது. திரையில் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவருடைய சாமையை நான் கெடுத்தது எனக்குத் தெரியும். மண்ணைக் கெடுத்ததும் தெரியும். அவருடைய சாமியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக நம் கர்த்தரையாவது கொடுத்தேனா என்றால், அதுவும் இல்லை. சின்னக் கல்லை உருவுகிற ஒரு மனுஷனைக் கொடுத்திருக்கிறேன். போனைப் பையில் போட்டேன்.

"கவுண்டரே, நாந்தானுங்க."

"எதுங்க?"

"ஆப்புக்கல்லு. பதிமூணு. கடைசி ஆளா நடந்தனே, அப்ப ஒவ்வொண்ணா உருவினேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குவியலைப் பார்த்தார். அவரும் கல் அடுக்கத் தெரிந்தவர். "எந்த எடத்துலீங்க?"

"இங்கதானுங்க. ஊத்து கசியற எடத்துல."

"அதான பாத்தேன்" என்றார் மெதுவாக. "நான் வெச்ச கல்லு, சும்மா எப்படிச் சாயும்னு."

கத்தினது மல்லிகாதான். "ஏனுங்க, நீங்க மனுசந்தானுங்களா? அந்த வருசந்தான் நான் கண்ணாலமாயி இந்த ஊட்டுக்கு வந்தேன். ராசியில்லாதவ கால வெச்சா, செவுரு உழுந்துபோச்சுன்னு எத்தனை பேரு எத்தனை பேச்சு! பேசுனவியல்ல பாதிப் பேரு இப்ப உசுரோட இல்லீங்க. நான் இனி யாருகிட்டப் போயிச் சொல்லட்டும், எங்காலு இல்லீங்க, இவரு கையின்னு?"

கவுண்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அவர் காதில் அதெல்லாம் விழுந்ததா என்றே சந்தேகம். என் பக்கம் திரும்பினார். புரை விழுந்த அந்தக் கண்ணிலும் தண்ணீர்.

"அப்ப… சாமிக்கு எம்மேல கோவமில்லீங்களா?"

இந்த மலைகளில் வேறே தெய்வம் இல்லை என்று தொண்டை கிழியப் பேசியவன் நான். என்னிடம் ஒரு மனுஷன் தன் தெய்வத்தைப்பற்றிக் கேட்கிறான், பதில் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். "இல்லீங்க கவுண்டரே" என்றேன். "ஒரு நாளும் இருந்ததில்லீங்க."

அவர் திருவிழாவரைக்கும் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. அன்றைக்கே போக வேண்டும் என்றார். மல்லிகா அழுதுகொண்டே பானையிலிருந்து ஒரு படிச் சாமை அளந்து புதுத்துண்டில் முடிந்தாள். ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "ஏறுங்க மாமா" என்றவள், என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. வந்து நில்லுங்க" என்றாள். அந்த வழியாக வந்த பால்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. கோயில் குகைதான், கூரை தாழ்வு, ஈரம் சொட்டும், யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். கவுண்டருக்குச் செருப்பைக் கழற்ற முழங்கால் வளையவில்லை. மல்லிகா கழற்றி என் கையில் கொடுத்தாள். "இதையாச்சும் புடிங்க" என்று சொல்லிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

அங்கே நின்றபோதுதான் நான் எப்போதும் தாண்டிப் போகிற ஒரு இடம் நினைவுக்கு வந்தது. எரிகோவை நெருங்கும்போது யோசுவா ஒருவரைப் பார்க்கிறான். உருவின வாளோடு நிற்கிறார். நீர் எங்கள் பக்கமா, எங்கள் சத்துருக்களின் பக்கமா என்று யோசுவா கேட்கிறான். வந்தவர் இரண்டும் இல்லை என்கிறார். கர்த்தருடைய சேனையின் அதிபதியாக வந்திருக்கிறேன் என்கிறார். நீ நிற்கிற இடம் பரிசுத்தம், காலில் இருப்பதைக் கழற்று என்கிறார். அவ்வளவுதான். அதில் சண்டை இல்லை, எக்காளம் இல்லை. அதனால் ஒரே மூச்சில் அதைக் கடந்து சுவருக்கு ஓடிவிடுவேன். கர்த்தர் நம் பக்கம் என்றுதான் காலமெல்லாம் பேசினேன். அவர் பக்கம் நான் இருக்கிறேனா என்று ஒரு நாள் கேட்டதில்லை. கையில் கவுண்டரின் செருப்பு, காலில் என் செருப்பு. கழற்றிவிட்டேன். சித்தப்பா மலைமேல் போய் வேறே தெய்வத்தைக் கும்பிட்டார் என்று யாராவது கதை கட்டுவார்கள், நம்பாதே. நான் கண்ணை மூடிக் கூப்பிட்டது என் கர்த்தரைத்தான். ஆனால் வெறுங்காலோடு கூப்பிட்டேன்.

கவுண்டர் வெளியே வந்தபோது நெற்றி நிறைய விபூதி. சாமி என்ன சொன்னாருங்க என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலீங்க. பழையபடியே இருக்கறாரு" என்றார். இறங்கி வரும்போது, தடத்தை இனி அடைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதில் உரிமை இல்லை என்று சொன்னேன். "போய்க்குங்கன்னு சொல்லியாச்சுங்க. சொன்னது சொன்னதுதானுங்களே" என்றார். கிபியோன் ஊர்க்காரர்கள் பழைய செருப்பையும் பூசணம் பிடித்த ரொட்டியையும் காட்டி யோசுவாவை ஏமாற்றி வாக்கு வாங்கினார்கள் அல்லவா? ஏமாற்றியது தெரிந்த பிறகும் யோசுவா கொடுத்த வாக்கைத் தள்ளவில்லை. அந்தக் கதையில் என்னை எப்போதும் யோசுவாவின் இடத்தில்தான் வைத்துக்கொண்டேன். கொட்டச்சேட்டில் யோசுவா வேறு ஆள். நான் பழைய செருப்போடு வந்தவன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எரிகோவில் சுவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் பிரசங்கித்ததே இல்லை. கிழவர்கள், பிள்ளைகள் என்று ஒருவரையும் விடவில்லை என்று எழுதியிருக்கிறது. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கினது போல இனி பேசப்போவதும் இல்லை. உன்னைப் போலப் படித்தவர்கள் விளக்கம் வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தச் சண்டைகளுக்கு யோசுவாவை அனுப்பியது யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கொட்டச்சேட்டுக்கு அனுப்பியது என் இரண்டு ஆடும் என் வாயும். இது தெரியாமல் ஒருவன் எரிகோ என்று ஒரு வீட்டுக்குப் பேர் வைத்துவிட்டால், அதற்குள்ளே இருக்கிற கிழவரும் மருமகளும் அவன் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வருஷம் தெரியவில்லை.

திங்கட்கிழமை என்னால் வர முடியாது. அன்றைக்குக் கவுண்டர் காட்டில் கல் கட்டு ஆரம்பிக்கிறேன். இடுப்பு உயரம், கிழக்கு மூலையிலிருந்து, தடத்துக்கு வழி விட்டு. அறுபத்தொன்பது வயதில் முடியுமா என்று நீ பயப்படுவாய். வியாழக்கிழமை போய் இரண்டு கல் தூக்கிப் பார்த்தேன், கை மறக்கவில்லை. அந்த மாதிரி ஆப்பு வைக்க இன்னும் இந்த மலையில் ஆள் கிடையாது. மல்லிகா கட்டிலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கல்லையும் ஆட்டிப் பார்க்கப் போகிறாளாம். என் பேர் போட்ட நோட்டீஸை நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. உனக்கு அவமானம்தான். நான் உனக்குச் சேர்த்து வைத்த ஒரே சொத்து அந்தக் கதை, அதையும் பிடுங்கிக்கொள்கிறேன். மன்னித்துக்கொள், சாமி.

நீ என்னிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசினாய். அந்த வீட்டுக்காரரை எரிகோ என்றாய், எதிரி என்றாய், கல் நெஞ்சன் என்றாய். அவர் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை வாசித்த மறுநாள் காலையில் கஞ்சிராவும் பாட்டும் இல்லாமல் தனியாளாக அந்த வாசலுக்குப் போ. உட்காரச் சொன்னால் உட்கார், திட்டினால் கேட்டுக்கொள். அந்த வீட்டை ஏன் விட முடியவில்லை என்று கேள். கூட யார் யார் இருக்கிறார்கள் என்று பார். அதற்குப் பிறகும் நடக்கத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் தடுக்கவில்லை, நட. ஆனால் எரிகோ என்று சொல்லாதே. அவருடைய பேரை வாய்விட்டுச் சொல்லி ஜெபித்துக்கொண்டு, அவர் திண்டாட்டம் இன்னது என்று தெரிந்த மனதோடு, ஒரே ஒரு சுற்று நடக்க முடிகிறதா பார்.

உன் சித்தப்பா